மச்சுக்கு அனுமதி

பிப்ரவரி 3, திங்கள்

எஞ்சினியர் ஷாஜி வந்து மச்சை அளந்தார். ஏணியில் பாதி ஏறியவர் அப்படியே நின்று, "உள்ள என்னவோ கெடக்கு, கேட்டியளா?" என்றார். மரநாய். பகலில் அது அங்கேதான் தூங்கும் என்றேன். "அப்ப அதுக்கிட்டயும் ஒரு ஒப்பு வாங்கணும்" என்று சொல்லிவிட்டு டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

கீழே ஒரு கூடம், அம்மாவின் படுக்கையறை, சமையலறை. இவற்றின் மரத்தட்டுக்கும் மேலே ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் இடம்தான் மச்சு. தேங்காய், என் தொட்டில், மிதி அறுந்த தையல் மிஷின், அப்பாவின் குடைகள். நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம், ஓரங்களில் தவழ வேண்டும். பக்கச் சுவர்களை உயர்த்தி, ஓட்டைப் பிரித்து மேலே ஏற்றி மேய்ந்தால் நல்ல அறையாகிவிடும் என்கிறார் ஷாஜி. ஆனால் ஜூன் தொடக்கத்தில் வரும் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓடு மேய்ந்திருக்க வேண்டும்.

அம்மா முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "நாலு பலகைய மாத்தி அடிச்சா போராதா? பெர்மிட்டு எதுக்கு?"

"சொவரத் தூக்கினா பெர்மிட்டு வேணும் அம்மா. நாளைக்கி எவனாவது பெட்டிசன் போட்டா எறக்கச் சொல்லுவானுவ."

அம்மா கேட்டது அந்த அர்த்தத்தில் அல்ல. ஷாஜிக்கு அது புரியவில்லை.

பிப்ரவரி 6

திருவனந்தபுரத்திலிருந்து என் பெட்டிகள் வந்தன. லாரி சர்வீஸ்காரர் கூடத்தில் என் கட்டிலைச் சுற்றி அடுக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கினார். அனுப்பியவர், பெறுபவர் இரண்டு இடத்திலும் என் பெயர்தான். அம்மா கவனிக்கவில்லை.

புத்தகங்கள், இட்லிப் பானை, சுவர்க் கடிகாரம். கல்யாண ஆல்பத்தையும் வைத்துக் கட்டியிருக்கிறாள் அங்கே கீழ்வீட்டில் இருக்கும் பெண். அவர் வேலைக்குப் போன நேரத்தில் எடுக்கச் சொல்லி நான் சாவியைத் தபாலில் அனுப்பியபோது "புத்தகங்கள் மட்டும்" என்றுதான் எழுதியிருந்தேன். நல்ல பெண். வேண்டியதைவிட அதிகமாகச் செய்துவிட்டாள்.

மதியம் நான்கு முறை போன் அடித்தது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அடுத்த வீட்டு எஸ்தர் மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பெரிலு, இன்னும் லீவு தீரலியா?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னாள்: "அவளுக்க வேல வீட்டுல இருந்து செய்யிய வேலயில்லியா? எங்க இருந்தா என்ன?"

"அது சரி. பொஸ்தகத்துல தப்பு பாக்குத வேலயில்லா? திருவனந்தபுரத்துலயும் பொஸ்தகம் உண்டுமே."

அம்மா சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். நான் வந்தது அக்டோபரில்.

பிப்ரவரி 12

கப்பல்களின் வரலாறு பற்றிய நூலுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். மொழிபெயர்ப்பாளர் ஒரே பொருளை ஒரு பக்கத்தில் தளம் என்கிறார், அடுத்த பக்கத்தில் தட்டு என்கிறார், பிறகு மேல்தளம் என்கிறார். எல்லாவற்றையும் மேல்தளம் என்று ஆக்கினேன். மாலுமிகள் இனிக் குழம்பாமல் நடக்கலாம்.

வேலையின் நடுவே அம்மா வந்து, பெட்டிகளின் மேல் வைத்திருந்த தாள்களை நகர்த்திவிட்டுத் துவரையைக் காயப் போட்டாள். பக்கங்கள் மாறிவிட்டன. எங்கள் வீட்டில் கதவுகளைப் பகலில் சாத்துவதில்லை. சாத்தாத கதவை யார் தட்டுவார்கள்?

பிப்ரவரி 15

ஷாஜி வரைபடத்தோடு வந்தார். அழகாக வரைந்திருக்கிறார். மச்சின் நடுவில் 'சாமான் அறை' என்று எழுதியிருந்தது.

இது சாமானுக்கு இல்லையே என்றேன்.

"தெரியும். எல்லாரும் இப்பிடித்தான் போடுவாவ. சாமான் அறைன்னா உயரம் எவ்வளவுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். ஆளு இருக்கிய அறைன்னா இத்தன உயரம், இத்தன சன்னலு, ஏணி போராது, நெரந்தரமா படி வேணும்னு நூறு சட்டம். பேப்பர்ல சாமானு. உள்ள நீங்க இருந்துக்கிடுங்க. யாரு வந்து பாக்கப் போறா?"

"கொள்ளாமே! அப்பிடியே செய்யட்டும்" என்றாள் அம்மா, அத்தனை விரைவாக.

நான் மாற்றச் சொன்னேன். காரணம் கேட்டார். பிழை என்று தெரிந்துகொண்டே ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போகப் பழக்கமில்லை என்றேன். பாதி உண்மை. அவர் ரப்பரை எடுத்தார்.

பிப்ரவரி 19

புதிய வரைபடத்தில் 'படுக்கை அறை'. வீடு அம்மாவின் பெயரில் இருப்பதால் அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணாடியைக் காணோம் என்றாள். கண்ணாடி அவள் தலைமேல் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"லெந்து காலம் கழியட்டு. ஈஸ்டருக்குப் பெறவு ஒப்பு போடுகேன்."

அந்த நாற்பது நாள் நோன்பே இன்னும் தொடங்கவில்லை. ஈஸ்டர் ஏப்ரல் இருபதில். அதற்குப் பிறகு விண்ணப்பித்து, அனுமதி வந்து, ஓட்டைப் பிரிக்கும்போது மழை வந்துவிடும். சொன்னேன்.

"மாப்பிளைக்கு லீவு ஈஸ்டருக்குத்தான். வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு." கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டே சொன்னாள். "சண்ட இல்லாத வீடு எங்க இருக்கு? நீ போறவ. போறவளுக்கு எதுக்கு மச்சுல படுக்க ரூமு?"

பிப்ரவரி 20

மழை இல்லை. மெய்ப்பு முப்பது பக்கம்.

பிப்ரவரி 26

இன்னும் கையெழுத்துப் போடாவிட்டாலும், ஏணி ஆடுகிறது என்று அம்மாதான் செல்லன் ஆசாரியை வரச் சொன்னாள். ஏணியைச் சரிசெய்த பிறகு, வந்த கையோடு மச்சின் வாசலையும் பார்க்கச் சொன்னேன். பழைய பலாமரக் கதவு. இன்னும் நூறு வருடம் நிற்குமாம்.

உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"மச்சுக்குக் கொண்டி வெளியதான மக்ளே இருக்கும்? சாமானு உள்ள இருந்து பூட்டுமா?" என்று சிரித்தார்.

"ஆள் இருந்தா?"

"ஆளு இருந்தா உள்ள. எத்தன வேணும்?"

"ரெண்டு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. இரும்புல."

"திருடன் மச்சுல ஏறி வர மாட்டான் மக்ளே."

திருடனுக்காக இல்லை என்றேன். ஏணியின் அடியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

பிப்ரவரி 27

காலையில் ஆப்பத்துக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்த அம்மா, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அங்க கதவுல கொண்டி இல்லியா?"

"இருந்தது. எடுத்துட்டார்."

"படுக்க ரூமுலயா?"

"எல்லாத்துலயும்."

"குளிக்கிய எடத்துல?"

"எல்லாத்துலயும் அம்மா."

ஆப்பச்சட்டி காய்ந்து புகைந்தது. அதை இறக்கி வைத்தாள். ஆப்பம் நன்றாக வந்திருந்தது. கடலைக்கறியில் உப்பு இல்லை, இருவரும் அப்படியே சாப்பிட்டோம்.

பிப்ரவரி 28

கப்பல் நூலைத் திறந்தால் தாள்களின் மேல் ஷாஜியின் வரைபடம் இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். 'ச. நேசபாய்.' அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு எழுதிக் காட்டுவது போல ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக.

மார்ச் 4

விண்ணப்பம் கணினியில் ஏறிவிட்டது. கூடவே என்ன வேலை என்று தமிழில் ஒரு கடிதம் வேண்டும், "நீங்க தமிழ் படிச்சவங்கயில்லியா, நீங்களே எழுதிக் குடுங்க" என்றார் ஷாஜி. நான்கு முறை எழுதினேன். கடைசியில் நின்றது இவ்வளவு: "எங்கள் வீட்டின் மேல் பல ஆண்டுகளாக உள்ள மச்சை, பக்கச் சுவர்களை உயர்த்தி, குடியிருக்கத்தக்க அறையாக மாற்றிக்கொள்ள அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

எளிமையான வாக்கியம். எந்தச் சொல்லையும் நகர்த்த முடியாது என்று நினைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். அம்மா நம்பியது போல் போய்விட்டு வந்தாள்.

வாசித்த கதைகளில் எல்லாம் மச்சில் பேய் இருக்கும், அல்லது பூட்டி வைக்கப்பட்ட ஒரு பெண் இருப்பாள். தானே கேட்டு, அரசாங்கத்துக்கு விண்ணப்பமும் போட்டுக்கொண்டு மச்சுக்குக் குடிபோன பெண் ஒருத்தியும் நினைவுக்கு வரவில்லை. யோசித்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 21

பதிவுத் தபால். பேரூராட்சியிலிருந்து.

"தாங்களே கடிதத்தில் ஒப்புக்கொண்டுள்ளபடி, மேற்படி வீட்டின் மேல் மச்சு ஏற்கெனவே கட்டப்பட்டுள்ளது. அதற்குப் பெறப்பட்ட அனுமதியின் நகலைச் சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் தள ஆய்வுக்குப் பின் மேற்படி மச்சை அகற்ற நடவடிக்கை எடுக்கப்படும்."

மூன்று முறை படித்தேன். இலக்கணப்படி சரியாக இருக்கிறது, பொருள்தான் பிடிபடவில்லை. வீட்டோடு சேர்த்து இந்த மச்சைக் கட்டியவர் அம்மாவின் தாத்தா. அவர் யாரிடம் போய் அனுமதி கேட்டிருப்பார்? அப்போது இங்கே பேரூராட்சியும் இல்லை.

ஷாஜிக்குப் போன் செய்தேன். "ஆளு புதுசு. வடக்க இருந்து மாத்தலாயி வந்தவரு. நேர்ல வந்து பாக்கட்டும். ஆனா ஒரு காரியம் சொல்லட்டா? பழைய மச்சையே இடிச்சு மாத்தச் சொல்லிட்டாருன்னா அறையும் இல்ல, மச்சும் இல்ல. சாமான் அறைன்னு அப்பவே போட்டிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

என் பெட்டிகளைக் கூடத்தில் எப்படி மாற்றி அடுக்கினாலும் சன்னல்களில் ஒன்று பாதி மறைந்துபோகிறது.

மார்ச் 25

திருவனந்தபுரத்திலிருந்து அவர் போன் செய்தார், அம்மாவுக்கு. அம்மா போனை எடுத்துக்கொண்டு பலா மரத்தடிக்குப் போய்விட்டாள். நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் ஏதாவது பேசினாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. திரும்பி வந்து, "ஈஸ்டருக்கு மொதநாளு வாறாராம்" என்றாள்.

நான் கப்பல் நூலை முடித்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் எல்லாக் கப்பல்களையும் உடைத்துப் பழைய இரும்புக்கு விற்றுவிடுகிறார்கள்.

ஏப்ரல் 2, புதன்

இதை வரிசையாக எழுத வேண்டும்.

பதினோரு மணிக்குப் பேரூராட்சிக்காரர் வந்தார். பெயர் ஏழுமலை, செய்யாறு பக்கம். ஷாஜியும் கூட வந்தார். ஏழுமலை வாசலில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தார், பின்னால் நகர்ந்து சாலைக்குப் போய் அங்கிருந்தும் பார்த்தார்.

"அட்ரஸ் இதானாங்க? ரெண்டு தபா தெருவ சுத்திட்டேன். மச்சு எங்க?"

"உள்ள வாருங்க" என்றாள் அம்மா. கூடத்தின் நடுவில் நிறுத்தி, கறுத்துப்போன மரத்தட்டைக் கையால் காட்டினாள். "இதாக்கும்."

அவர் மேலே பார்த்தார். ஏணியில் ஏறினார். மேலே ஒரு தும்மல், பிறகு எதுவோ ஓடும் சத்தம், "அய்யோ, இன்னாங்க இது!" என்ற குரல். தலையில் ஒட்டடையோடு இறங்கி வந்தார்.

"மரநாய். ஒண்ணும் செய்யாது" என்றேன்.

"ஏங்க, இதுவா மச்சு? இது பரணுங்க! எங்க பக்கம் மச்சு வூடுன்னா மாடி வூடு. கல்லு வச்சி காரை போட்டுக் கட்டினது. ஒரு மாடிய முழுசா கட்டி முடிச்சிட்டு, அதுக்கு மேல சொவரு தூக்க நம்மளயே பர்மிஷன் கேக்கறாங்களே, இன்னா தைரியம்னு நெனச்சிட்டேன்."

"பரணுன்னா இஞ்ச அடுப்புக்கு மேல சட்டி கமத்தி வைக்கிய எடமாக்கும்" என்றாள் அம்மா, கொஞ்சம் கோபமாக.

ஷாஜி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"லெட்டரு யாருங்க எழுதினது?"

"நான்தான்."

"நல்லா எழுதிக்கிறீங்க. ஒரு எழுத்துப் பிழை இல்ல."

தட்டு, தளம், மேல்தளம் என்று மாலுமிகளுக்கெல்லாம் வழி சொன்னவள் நான். ஒரு சொல் இந்த ஊரைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. பிற்பாடு அகராதியைப் பார்த்தேன். இரண்டு பொருளும் அடுத்தடுத்து இருக்கின்றன.

இதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்தர் மாமி வந்து நின்றுவிட்டாள். கையில் அரிவாள், ஆனால் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஏழுமலை முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து அம்மா கொடுத்த சாயாவைக் குடித்தார். இப்போது அவர் குரலில் கடுமை இல்லை. "அம்மா, நோட்டீஸ நான் முடிச்சி விட்டுர்றேன். ஒரு யோசனை சொல்றேன். இத்த சாமான் அறைன்னு மாத்தி எழுதிக் குடுங்க. அடுத்த வாரமே ஆர்டர் தரேன். படுக்கை அறைன்னா உயரம், சன்னல், படிக்கட்டு எல்லாம் சட்டப்படி காட்டணும், மேல் ஆபீஸு போய் வரணும், நாளாகும். யாரு தங்கப் போறது? எப்பனா வந்து போறவங்கதானே?"

வேலியிலிருந்து பதில் வந்தது. "ஆமா சார், அந்தப் பிள்ள லீவுக்கு வந்தது. ஈஸ்டருக்கு மாப்பிள வந்து கூட்டிட்டுப் போவாரு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுமதியை விட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை, இந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது. அறைக்காக இவ்வளவு நாள் காத்திருந்தவள் நான்.

"இல்ல" என்றாள் அம்மா.

சாயாத் தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

"லீவுக்கு வந்தவ இல்ல சார். எனக்க மோளு. போவ மாட்டா. இஞ்சதான் இருப்பா." பிறகு வேலியின் பக்கம் திரும்பி, அதே வார்த்தையை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்: "இஞ்சதான் இருப்பா, எஸ்தரு. ஈஸ்டருக்கு யாரும் வரண்டாம்." மறுபடி அவரிடம்: "படுக்க அறைன்னே கெடக்கட்டும். நாளானா ஆவட்டும். சன்னலு எத்தன வைக்கணும், சொல்லுங்க."

எஸ்தர் மாமி அரிவாளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். ஏழுமலை தொண்டையைச் செருமிக்கொண்டு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். "ரெண்டு வச்சிருங்க" என்றார். "காத்து எதிரும் புதிரும் போகணும்."

அவர்கள் போன பிறகு அம்மா அந்த மிச்சச் சாயாவைத் தானே குடித்துவிட்டாள்.

ஏப்ரல் 3

புதிய கடிதம் எழுதினேன். மச்சு என்ற சொல் இல்லை. "ஓட்டுக்கூரைக்குக் கீழே உள்ள மரத்தளத்தை..." நீளமான, அழகில்லாத வாக்கியம். செய்யாறுவரை புரியும்.

அம்மா காலையில் மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள். இந்த முறை பலா மரத்தடிக்குப் போகவில்லை. கூடத்தில், என் கட்டிலில் உட்கார்ந்தே பேசினாள். "கொண்டிய எல்லாம் எடுத்தியளாமே" என்று தொடங்கினாள். மரநாய் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க மச்சில் ஏறிவிட்டேன். திரும்பி வரவில்லை அது. புது ஆள் வந்ததில் பயந்திருக்கும்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனை. ஆப்பமும் கோழிக்கறியும். யாரும் வரவில்லை. எஸ்தர் மாமி மதியம் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினாள். அம்மா அந்தக் கிண்ணத்தைக் கழுவி, வெறுமையாக அனுப்பக் கூடாது என்று முறுக்கு வைத்து அனுப்பினாள்.

ஏப்ரல் 29

அனுமதி வந்துவிட்டது. 'படுக்கை அறை - 1.' ஷாஜி ஓட்டுக்காரர்களைத் தேடி அலைகிறார். ஊரில் எல்லோரும் மழைக்கு முன் ஓடு மாற்றுகிறார்கள்.

மே 12

ஓட்டைப் பிரித்துவிட்டார்கள். ஏணி ஏறிப் பார்த்தால் கூரையின் கழிக்கோல் மரங்களும், அதற்கு மேல் வானமும். புழுதி. என் பெட்டிகளின் மேல் தார்ப்பாய். மரத்தட்டின் இடுக்கு வழியாகத் துவரையிலும் தூசி விழுந்து, அம்மா ஆசாரியை ஏசுகிறாள். அவர் ஏசப்படுவதில் மகிழ்ச்சியாக இருக்கிறார்.

மே 27

இடவப்பாதி இந்த ஆண்டு முன்பே வந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். கடைசி வரிசை ஓட்டை நேற்று மாலைதான் வைத்தார்கள். நடுவில் இரண்டு கண்ணாடி ஓடுகள் வைக்கச் சொன்னது அம்மா. சட்டத்தில் இல்லாதது, கேட்டால் சன்னல் என்று சொல்லிக்கொள்ளலாமாம்.

ஜூன் 2

எல்லாப் பெட்டிகளையும் மேலே ஏற்றினேன். ஆல்பத்தை மட்டும் கீழே விட்டேன். அம்மா அதை எங்கே வைத்தாள் என்று கேட்கவில்லை.

சன்னலுக்கு நேராக மேசை. புதிய நூல் வந்திருக்கிறது: கோழிப்பண்ணை வைப்போருக்கான கையேடு. பதினொன்றரை மணிக்கு மழை வலுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். புதிய இரும்பு, கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கிறது. மறுபடி திறந்தேன், மறுபடி போட்டேன். பிறகு உட்கார்ந்து முதல் பக்கத்தைத் தொடங்கினேன்.

பாதிப் பக்கத்தில் புதிய மரப்படிகளில் காலடி. அம்மாவுடையது, முட்டிவலிக்காரியின் நிதானம். நின்றது. தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை, மழை மட்டும்.

பிறகு, தன் சொந்த வீட்டில் வாழ்நாளில் ஒரு கதவையும் தட்டியிராத அம்மா, எப்படித் தட்டுவது என்று தெரியாதவளைப் போல, ஒரே ஒரு விரலால் தட்டினாள்.

"மோளே. சாயா. உள்ள வரலாமா?"

வரலாம் என்றேன். எழுந்து போய்த் திறந்தேன்.